தொப்பிக்குள் ஒரு குரல், முன்வரிசையில் ஒரு மாமா

இந்த வசந்தத்தில் பேஸ்போல் பயிற்சி முகாமுக்குப் போகிற நீங்கள் மூன்று பேரும், போவதற்கு முதல் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நேரே சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவீர்கள் என்பதால் எழுதித் தருகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் கொண்டு வாசிப்பியுங்கள். பிள்ளை எப்படிப்பட்ட தொழிலுக்குப் போகிறான் என்று அவருக்கும் தெரியட்டும்.

பந்து எறிவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல உங்களுக்குக் கணினி இருக்கிறது, நடுவிரல் எவ்வளவு சாய்ந்தது என்றுகூட அளந்து சொல்கிறது. நான் பதினாறு வருடம் பேஸ்போல் பிட்சராக இருந்தேன், ஒன்பது அணிகளில். ஒன்பது அணிகள் என் பிள்ளையை விரும்பிக் கேட்டன என்று சொல்வது என் அம்மா. ஒன்பது அணிகள் அவனை வேண்டாம் என்றன என்று சொல்வது என் மாமா. இரண்டு பேரும் சொல்வது ஒரே உண்மையைத்தான்.

அந்தப் பதினாறு வருடத்தில் பெரிய லீக்கில் நான் நின்ற காலத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு கோடைகாலம் வராது. சின்ன லீக்கிலிருந்து நான்கு முறை மேலே கூப்பிட்டார்கள், நான்கு முறை கீழே அனுப்பினார்கள். அதனால் மேலே போவது பற்றி எனக்குத் தெரிந்ததைவிடக் கீழே வருவது பற்றி எனக்கு அதிகம் தெரியும். உங்கள் கோச்மார் யாரும் அந்தப் பாடத்தை எடுக்க மாட்டார்கள். நான் எடுக்கிறேன்.

முதலில் ஒன்று. மனேஜர் உங்களைத் திட்டினால் பயப்பட வேண்டாம், உங்களை வைத்திருக்க நினைக்கிறார். உங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாலும் பயப்பட வேண்டாம், உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் தோளில் கையைப் போட்டு, “வீட்டில் எல்லோரும் சுகமா?” என்று கேட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டத் தொடங்குங்கள். நான் முதல் இரண்டு முறையும் அதை அன்பு என்று நினைத்து அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் விபரமாகச் சொன்னேன். அவரும் பாவம், முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கீழே அனுப்பினார்.

இரண்டாவது, அந்தப் பை. மைதானத்தின் கடைசியில் வேலிக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருக்கும், மாற்று பிட்சர்கள் எல்லோரும் அங்கேதான் குந்தியிருந்து முறை வருமட்டும் காத்திருப்பார்கள். அவர்களுக்கு இனிப்பும் சுவிங்கமும் கொண்டுபோகிற வேலை, பெரிய லீக்கில் யார் குறைந்த நாள் நின்றானோ அவனுக்கு. அதைக் கொண்டுபோக வேண்டியது பாலர் வகுப்புப் பெண்பிள்ளைகளின் ரோஸ் நிறப் பையில், முதுகில் மாட்டிக்கொண்டு, முழுக் கூட்டமும் பார்க்க மைதானத்தைக் குறுக்காகக் கடந்து. இது வழக்கம். யாரும் கோபிப்பதில்லை. நான் அந்தப் பையை முப்பத்துமூன்று வயதில் சுமந்தேன். அதில் ஒரு குதிரைக்குட்டியின் படம் இருந்தது.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். பிழைகள் நிறையச் செய்தேன், இந்தப் பிழையை ஒரு தமிழன்தான் செய்ய முடியும். அதையும் ரொறொன்ரோவில்தான் செய்ய முடியும்.

என்னிடம் மூன்று பந்துகள் இருந்தன. ஒன்று வேகமாக நேரே போகும். ஒன்று கடைசி நேரத்தில் சுழன்று விழும். ஒன்று வேகமாக வருவதுபோல வந்து பிந்தும். அடுத்து எது வரப்போகிறது என்று அடிப்பவனுக்குத் தெரியாதவரைக்கும்தான் பிட்சருக்குப் பிழைப்பு. அதனால் இந்த விளையாட்டில் அதைப் பொத்திவைப்பதற்குச் செய்யாத வித்தை இல்லை. முன்பு, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் விரலால் சைகை காட்டுவார், எதிரணி அதைக் களவாகப் பார்க்கும். இப்போது கேட்சரிடம் ஒரு சின்னப் பெட்டி. அவர் பொத்தானை அமத்த, என் தொப்பிக்குள் ஒரு குரல் அடுத்த பந்து எது என்று காதோடு சொல்லும். உலகத்தில் யாருக்கும் கேட்காது.

அப்படி யாருக்கும் கேட்காத இரகசியத்தை நான் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருந்தேன், தமிழில்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டின் கார் நிறுத்தும் இடத்தில் ரெனிஸ் பந்தால் கிரிக்கெட் விளையாடிய காலத்திலேயே, என்ன எறியப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நேர். சுழட்டு. மெல்ல. வாய் சொல்லாவிட்டால் விரல் ஒழுங்காகப் பிடிக்காது. மற்றப் பிட்சர்கள் எறிமேட்டில் வாய் திறக்கும்போது கையுறையால் வாயை மூடிக்கொள்வார்கள். நான் மூடுவதில்லை. டெக்சாசில் எவனுக்குத் தமிழ் விளங்கப் போகிறது என்று ஒரு திமிர். பதினான்கு வருடம் ஒருவனுக்கும் விளங்கவில்லை. அந்தத் திமிர் வளர்ந்துகொண்டே போனது.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. மிசிசாகாவில் கார் உதிரிப்பாகம் செய்கிற ஃபக்டரியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். பத்தொன்பது வயதில் நான் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, எல்லோரும் கேக் வெட்ட, அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார்.

“பந்தெறியிறதெல்லாம் ஒரு வேலையே? உந்த விசர் முடிஞ்சு நீ திரும்பி வருவாய். அப்ப நிரப்பு. நான் எங்கடை மனேஜரிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன்.”

அவர் சொன்னது பிழையும் இல்லை. சின்ன லீக்குகளில் எறிகிறவனுக்குக் குளிர்காலத்தில் வேறு வேலை வேண்டும். ஐந்து குளிர்காலம் மாமாவின் ஃபக்டரியில்தான் நின்றேன். அங்கே அச்சு இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அதனால் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தே கதைப்பார்கள். மாமா அதில் கெட்டிக்காரர். ஒருநாள் நான் நாற்பது அடி தள்ளி நின்று ‘விசர் மனுசன்’ என்று முணுமுணுத்தேன். பின்னேரம் காரில் கூட்டிக்கொண்டு வரும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, “விசர் மனுசன் இல்லாட்டி நீ இப்ப பஸ்ஸிலை நிண்டிருப்பாய்” என்றார். ஆகவே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன் என்பதை இந்த இடத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது முறை மேலே போன வருடம் எங்கள் அணி ரொறொன்ரோவுக்கு விளையாட வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். வெளியூர் வீரர்களின் குடும்பத்துக்கு அடிப்பவனுக்குப் பின்னால், வலைக்கு நேரே, நல்ல இருக்கைகள் கொடுப்பார்கள். நான் அணியில் ஒவ்வொருவனாகப் பிடித்து அவனவன் பங்கைக் கெஞ்சி வாங்கினேன். முப்பத்தெட்டு இருக்கைகள் சேர்ந்தன. விட்பியிலிருந்து ஒரு வான், மார்க்கம் நகரிலிருந்து நான்கு கார். பேஸ்போலைப் பற்றி அதில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சாப்பிட இறைச்சி ரோல்ஸ் மட்டும் இருநூறு கொண்டுவந்திருந்தார்கள்.

நான் ரோஸ் நிறப் பையை மாட்டிக்கொண்டு மைதானத்தைக் கடந்ததை அவர்கள் எல்லோரும் எழுந்துநின்று பார்த்தார்கள். அம்மா கேட்டாவாம், “அது ஆரின்ரை பை? ஏன் இவன் காவிறான்?” மாமா சொன்னாராம், “எல்லாரிட்டையும் அதைக் குடுக்க மாட்டினம், அக்கா. பொறுப்பான ஆளிட்டைத்தான் குடுப்பினம்.” என் தொழிலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அன்றைக்குக் காலையில் மனேஜர் என் தோளில் கையைப் போட்டிருந்தார். “உன் குடும்பம் எல்லாம் வந்திருக்கிறதாமே,” என்றார். நான் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். காயப்பட்டிருந்த ஒரு பிட்சர் மறுநாள் திரும்பி வருகிறான், யாரோ ஒருவன் கீழே போக வேண்டும், அது நானா அல்லது இன்னொருவனா என்று இன்னும் முடிவாகவில்லை, இது கொட்டிலில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்துமூன்று வயதில் கீழே போகிறவனை ஐந்தாவது முறை யாரும் கூப்பிடுவதில்லை. அதுவும் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தேவைப்பட்டது ஒரு சுத்தமான இன்னிங்ஸ், ஓட்டம் கொடுக்காமல் மூன்று அவுட், அவ்வளவுதான்.

எட்டாவது இன்னிங்ஸில் கூப்பிட்டார்கள். ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். என்னைப் போன்றவனை அப்போதுதான் கூப்பிடுவார்கள், இனிக் கெடுக்க ஒன்றும் இல்லை என்ற பிறகு. கூட்டத்தில் பாதி வீட்டுக்குப் போயிருந்தது, மீதிப் பாதி போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரை மூடிய அந்த அரங்கில் சத்தம் போடுகிற ஆட்கள் என்று மிஞ்சியது எங்கள் முப்பத்தெட்டுப் பேர்தான்.

முதலாவது ஆள் வந்தான். தொப்பிக்குள் குரல் சொன்னது, நான் ‘சுழட்டு’ என்று சொல்லி எறிந்தேன், அவன் காற்றை அடித்துவிட்டுப் போனான். ஒரு அவுட். இரண்டாவது ஆள் என் நேர்ப்பந்தை வேலி வரைக்கும் அடித்தான். சரி, நடக்கிறதுதான். மூன்றாவது ஆள் என்னுடைய நல்ல சுழட்டுப் பந்துகள் இரண்டைத் தொடாமல் விட்டான். அதை விடுகிறவன் இல்லை அவன். மட்டை அசையக்கூட இல்லை. பிறகு நேர்ப்பந்து வந்தது, காத்திருந்தவன் மாதிரி அடித்தான். ஒரு ஓட்டம்.

நான்காவது ஆளுக்கு ‘மெல்ல’ என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கியபோது கேட்டது.

“மெல்ல!”

தனியாக ஒரு ஆண் குரல். உடனே பின்னாலேயே முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டியபடி, “மெல்ல!”

மஞ்சள் சட்டையில் மாமா எழும்பி நின்று, ஒரு கையில் ரோல்ஸுடன், மற்றக் கையால் சனத்துக்கு என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் பந்திலிருந்தே என் வாயைப் பார்த்துப் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை. அவருக்குப் பத்தடி பக்கத்தில்தான் அடுத்து அடிக்க வேண்டியவன் நின்று மட்டையைச் சுழற்றுகிற வட்டம். அவனுக்குத் தமிழ் தேவையில்லை. இந்த மஞ்சள் சட்டை ‘சுழட்டு’ என்றால் பந்து விழும், ‘நேர்’ என்றால் நேரே வரும் என்பதைப் பிடிக்க மூன்று பந்து போதும். பிடித்ததை அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் மேல் பிழையே இல்லை, காதுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். என் கை பாதிவழி போய்விட்டது, நிறுத்த முடியவில்லை. நான்காவது ஆள் ஆறுதலாகக் காத்திருந்து அந்தப் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்தான். இன்னும் இரண்டு ஓட்டம்.

கேட்சர் எறிமேட்டுக்கு வந்தார். வெனிசுவேலாக்காரர், நல்ல மனுசன்.

“நான் பொத்தானை அமத்துகிறேன்,” என்றார். “பின்னால் மஞ்சள் சட்டைக்காரன் ஏதோ கத்துகிறான். அவன் கத்துகிறபடி நீ எறிகிறாய். யார் அவன்?”

“என் மாமா.”

அவர் மஞ்சள் சட்டையைத் திரும்பிப் பார்த்தார். “உன்னை அவருக்குப் பிடிக்காதா?”

“இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறது.”

“கையுறையை வாயில் வை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஐந்தாவது ஆள் வந்து நிற்கிறான். பந்து எறிவதற்குப் பதினைந்து வினாடி, மணிக்கூடு ஓடுகிறது. நான் கையுறையை வாய்க்குக் கொண்டுபோனேன். மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சரிந்தார். சனத்தைக் கையமர்த்தினார். “பொறுங்கோ, பொறுங்கோ, தெரியேல்லை,” என்றார். நானும் ஐந்து குளிர்காலம் அந்த ஃபக்டரியில் நின்றவன், எனக்கும் வாய் வாசிக்க வரும். பதினான்கு வருடம் என் வேலையை வேலை என்று சொல்லாத மனுசன், முழுக் குடும்பத்துக்கும் என் வேலையை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கிறார்.

அதனால் கையுறையை இறக்கினேன். பதிலுக்கு இன்னொரு கெட்டித்தனம் தோன்றியது. ‘நேர்’ என்று நன்றாக வாயைத் திறந்து சொல்லிவிட்டு, சுழட்டிப் போட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் “நேர்!” என்று கத்த, அடிப்பவன் நம்பி வீசி, ஒரு முழங்காலில் போய் விழுந்தான். அடுத்தது ‘சுழட்டு’ என்று சொல்லி நேரே. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாவதும் அப்படியே. இரண்டாவது அவுட். அந்த மூன்று பந்துகளையும்விட நல்ல பந்துகளை நான் என் வாழ்நாளில் எறிந்ததில்லை. கேட்சர் முகமூடிக்குள் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. முதலாவதுக்கு, “பிழை விட்டிட்டான்,” என்றார். இரண்டாவதுக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மூன்றாவதுக்கு என் மச்சான் ஒருவன், “மாமா, உங்கடை கண்ணாடியை மாத்துங்கோ,” என்றான். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அவர் இருந்துவிட்டார். ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்தார்.

இன்னும் ஒரு ஆள்தான். ஒரு பொய் சொன்னால் போதும், மனேஜருக்கு ஏதோ ஒன்று காட்டிவிட்டு இறங்கலாம். தொப்பிக்குள் குரல் நேர்ப்பந்து கேட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டிருந்தார். நிமிருமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், மணிக்கூட்டில் மூன்று வினாடி இருந்தது. அவர் நிமிர்ந்ததும், குருடனுக்கும் தெரிகிற மாதிரி ‘நேர்’ என்று சொன்னேன். நேரே எறிந்தேன்.

“நேர்!” என்று எழும்பினார். “சொன்னன் தானே! நேர் எண்டு சொன்னன் தானே!”

பந்து மேல்தட்டு இருக்கைகளுக்குப் போனது. அங்கே பிடிக்கக்கூட ஆள் இல்லை. அதற்கு அடுத்தவனைக் கையுறையால் வாயை மூடிக்கொண்டு மூன்று பந்தில் முடித்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததைச் செய்ய எனக்கு ஒரு முழு இன்னிங்ஸ் தேவைப்பட்டது.

மறுநாள் காலையில் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, “வீட்டில் எல்லோரும் சுகமா?” என்று கேட்டார். இந்த முறை நான் அம்மாவின் முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சுகம்,” என்றேன். ரோஸ் நிறப் பையை மற்றவனிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன். பிறகு இரண்டு வருடம் கீழே எறிந்தேன். மேலே யாரும் கூப்பிடவில்லை.

இதைத் தியாகம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கூடு ஓடுகிறபோது தொழிலைப் பார்க்காமல் முன்வரிசையைப் பார்த்த மடைத்தனம். எங்கள் குடும்பக் கதையில் சம்பந்தமே இல்லாத எட்டுப் பேர் என்னோடு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களிடம் நான் கேட்கவில்லை. உங்களுக்கும் ஒருநாள் முப்பத்தெட்டுப் பேர் வருவார்கள். அவர்களுக்கு இருக்கை எடுத்துக் கொடுங்கள், ஆனால் மூன்றாம் தட்டில், தூணுக்குப் பின்னால்.

அன்றைக்கு விமான நிலையத்தில் நிற்கும்போது மாமா போன் எடுத்தார். நான் கீழே போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போகிறேன் என்று நினைத்திருந்தார்.

“தம்பி, நேற்று நாங்கள் கத்தினது உனக்கு உதவியா இருந்ததே?”

“ஓம் மாமா. பெரிய உதவி.”

“இடையிலை ரெண்டு மூண்டு பிழை விட்டனீ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“பரவாயில்லை மாமா.”

“அந்தப் படிவம் கிடக்கெல்லே, அதை நான் இண்டைக்குக் கிழிச்சுப் போட்டன்.”

நான் வரிசையில் நின்றபடி என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் அது தானாகவே வந்தது.

இப்போது மார்க்கத்தில் எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் மாமா அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். “நான் பின்னாலை நிண்டு சொல்லச் சொல்லத்தான் அவன் எறிஞ்சவன்,” என்பார். சனம் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் ஓம் என்று தலையாட்டுவேன். ஓட்டங்கள் எத்தனை போயின என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் சனத்துக்கு பேஸ்போல் தெரியாமல் இருப்பதில் உள்ள ஒரே நன்மை அதுதான்.

இதை இவ்வளவு நேரமும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிய அம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்களும் அதே மண்டபங்களுக்குத்தான் போகிறீர்கள். இந்தக் கதையை அங்கே யாருக்காவது சொல்லத்தான் வேண்டும் என்று இருந்தால், கையால் வாயை மூடிக்கொண்டு சொல்லுங்கள். மாமா மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் நின்றாலும் வாசித்துவிடுவார்.